விலை பூஜ்யம் என்றால் குப்பை

"ஒரு சின்ன சந்தேகமுங்க மேடம்" என்று ஆரம்பித்த எந்தச் செய்தியும் சின்னதாக முடிந்ததாக ஜான்சிக்கு நினைவில்லை. அதிலும் காங்கேயம் சென்னியப்பனுடைய சந்தேகம் மூன்று வாரமாகச் சின்னதாகவே இருந்துகொண்டு அவள் உயிரை வாங்கியது. நாலு வார்த்தை திட்டித் தொலைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மனுஷர் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுக் கும்பிட்டுக்கொண்டே கழுத்தை அறுத்தார்.

ஜான்சி மதுரைக்காரி. பகலில் ஒரு மருந்துக் கிடங்கின் சரக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். மாத்திரை வந்தது, போனது, காலாவதி ஆனது, நகராமல் கிடக்கிறது, தூக்கிப் போடு. எட்டு மணி நேரம் இதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்தாள். 'நெடுவழி' என்கிற விளையாட்டுக்கு மாட் எழுதினாள். விளையாட்டைத் தயாரித்த கம்பெனி செய்யாமல் விட்ட வேலையை, விளையாடுகிறவர்களே செய்து ஒட்டுப் போடுவதற்குப் பெயர்தான் மாட். சம்பளம் கிடையாது. வசவு மட்டும் உண்டு.

நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினால் நெடுவழியில் ஓர் உப்பு வணிகராக எழுந்திருக்கலாம். வெயில் சுடும். புழுதி மூக்கில் ஏறும். முதுகு மூட்டை கனக்கும். அந்தக் கனத்தில்தான் கம்பெனிக்குத் தலைகால் புரியாத பெருமை. முப்பது கிலோவுக்கு மேல் தூக்க முடியாது. எது எங்கே இருக்கிறது என்று காட்டுகிற பட்டியல், பொத்தான் எதுவும் கிடையாது. மூட்டையை இறக்கி, அவிழ்த்து, கையை விட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும். வழிப்பறிக்காரன் எதிரே நிற்கும்போது கத்தியைத் தேடினால் கையில் பேரீச்சம்பழம் வரும். 'அப்படியே ஒன்றிப் போய்விடுவீர்கள்' என்று விளம்பரம் செய்தார்கள். ஒன்றிப் போனவர்களில் பாதிப் பேர் தோள் வலிக்குத் தைலம் தேடினார்கள்.

ஜான்சிக்கு இது பொறுக்கவில்லை. ஒரு சரக்கை எப்படி வைக்கக்கூடாதோ அப்படி வைத்துவிட்டு அதற்குக் கலை என்று பெயர் சூட்டுகிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது. 'இறக்கிவை' என்று ஒரு மாட் எழுதி வெளியிட்டாள். மூட்டையின் கனம் பாதியாகும். நினைத்த பொருள் முதலில் கைக்கு வரும். உதவாத சாமானை மாட்டே அவ்வப்போது வழியோரம் கழித்துவிடும். லட்சக்கணக்கான பேர் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

"சிஸ்டர், மாட் வேல செய்யல" என்று ஒருவன். போட்டாயா என்று கேட்டால், போட வேண்டுமா என்பான். "அக்கா, கத்தி நினைச்சா கத்தி வருது, ஆனா எனக்கு வேற கத்தி வேணும்" என்று இன்னொருவன். இந்தக் கூட்டத்தில்தான் சென்னியப்பன்.

"மூட்டைல ஒரு லாடம் வெச்சிருந்தனுங்க. மாட்டு லாடம். ஒரு பக்கம் ஒடஞ்சது. இறக்கிவை போட்டதுக்குப் பொறகு அதக் காணோமுங்க. கொஞ்சம் தேடிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க."

எந்தக் கொல்லன் பட்டறையிலும் அரைக்காசுக்குப் புது லாடம் கிடைக்கும் என்று பதில் எழுதினாள். அது இல்லீங்க, இது ஒடஞ்சதுங்க என்றார். புதிதை வாங்கி உடைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அதற்கும் நன்றி சொன்னார். மறுநாள் காலையில் மறுபடியும் லாடம்.

"இந்த ஆளு என்னைய ஒரு வழி பண்ணாம விடமாட்டாரு போல" என்று அவள் மொபைலை மெத்தையில் எறிந்தாள்.

கணவன் சோலைமலை அப்போதுதான் நெற்றிப்பட்டையைக் கழற்றிவிட்டு வலது தோளைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் மாட் போடாத சுத்த சைவன். கட்டிய பெண்டாட்டி எழுதிய மாட்டைக்கூடத் தொடமாட்டான். இது அந்த வீட்டில் தீராத வழக்கு.

"மூட்டைய அவுத்துத் தேடுறதுலதான்டி வெளாட்டே இருக்கு. எல்லாத்தையும் நீயே எடுத்துக் கையில குடுத்துட்டா, அப்பறம் அங்கிட்டு நாங்க எதுக்குப் போறோம்? கெடங்குல சரக்கு எண்ணவா?"

"நேத்து கத்தியத் தேடிக்கிட்டே செத்தது யாரு?"

"செத்தேன். ஆனா தேடும்போது எங்கூட்டாளி குடுத்த சோழி கையில தட்டுப்பட்டுச்சு. அட, இது இன்னும் கெடக்கான்னு ஒரு நிமிசம் நின்னுட்டேன். அந்த நேரத்துலதான் குத்திப்புட்டான்."

"சோழிக்காக உசிர விட்ட மகராசன்!"

"சிரிக்காத. சோழி குடுத்தவன் அடுத்த ஊர்லதான் இருக்கான். பக்கத்துல வந்தா முதுகுல வெதுவெதுன்னு சுடும். அவனுக்கு உள்ளங்கை சுடும். நாம குடுத்தத இன்னும் வச்சிருக்கான்னு அவனுக்குத் தெரியும்ல. இதுகூடத் தெரியாமயா நீ மாட் எழுதுற?"

ஜான்சிக்குத் தெரியாது. அவள் கடைசியாக நெடுவழியில் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். மாட் எழுதுகிறவர்கள் விளையாடுவதில்லை. பட்டையைக் கட்டுவார்கள், மூட்டையை இறக்குவார்கள், ஏற்றுவார்கள், சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றுவார்கள். அதற்கென்று ஒரு சோதனைக் கணக்கு வைத்திருந்தாள். அந்தக் கணக்கில் இருக்கிற வணிகனுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. அவனுக்கு யாரும் எதையும் கொடுத்ததில்லை.

"குடுத்த பொருளுக்கு என்ன வெல?" என்று கேட்டாள்.

"வெலயா? பூஜ்யந்தான். நீ பத்துக்காசுக்கு வாங்குனதா இருந்தாலும், அடுத்தவன் கைக்குக் குடுத்த ஒடனே பூஜ்யம் ஆயிரும். அன்பளிப்ப எவனும் வித்துத் தின்னக்கூடாதுன்னு கம்பெனி அப்படி வச்சிருக்கு. நல்ல யோசனைதான?"

நல்ல யோசனைதான். ஜான்சியும் நல்ல யோசனை ஒன்று செய்திருந்தாள். எது உதவாத சாமான் என்று மாட் எப்படிக் கண்டுபிடிக்கும்? சுலபம். விலை பூஜ்யம் என்றால் குப்பை. ஒரே வரி. கிடங்கு வேலையில் ஊறிய புத்தி எழுதிய வரி. அதை எழுதிய அன்று எவ்வளவு கச்சிதம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு ஒரு காபி வேறு குடித்தாள்.

லட்சக்கணக்கான மூட்டைகள். ஒவ்வொன்றிலும் யாரோ யாருக்கோ கொடுத்தது. எல்லாவற்றையும் அவள் மாட் பொறுக்கிப் பொறுக்கி வழியோரம் வீசியிருக்கிறது. வழியில் விழுந்த பொருளை விளையாட்டு அன்று பொழுது சாய்வதற்குள் அழித்துவிடும். திரும்ப வராது. இத்தனை பேரில் கேட்டுக்கொண்டு வந்தது ஒரே ஓர் ஆள். அவரைத்தான் மூன்று வாரமாகக் கொல்லன் பட்டறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியாததால் சோலைமலையிடம், "தைலத்த மூடி வைக்கத் தெரியாதா? வீடே நாறுது" என்று எரிந்து விழுந்தாள்.

சென்னியப்பனை அவளே கூப்பிட்டாள். பின்னணியில் தேங்காய்க் களத்துச் சத்தம் கேட்டது. யாரோ காய்ந்த தேங்காய்ப் பருப்பை வாரிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த லாடத்த யாரு குடுத்தாங்க?"

அவர் சத்தம் குறைகிற இடமாகப் பார்த்து நடக்கிறார் என்று தெரிந்தது.

"எம்புள்ளைங்க. கோகிலவாணி. ரெண்டு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லீங்க. அது இஷ்டத்துக்குக் கண்ணாலம் பண்ணிக்கிச்சு. எங்க ஆளுக இல்லீங்க. நான் போகுல. போயிருக்கோணும், போகுல. அத வுடுங்க. எனக்குத் தூக்கம் புடிக்கறதில்லைன்னு எங்க மச்சான் பையன் இந்தப் பட்டையக் கட்டி உட்டானுங்க. அங்க மலைமேல ஒரு சுனைக்கிட்ட மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருந்தேன். நம்மூட்டு மாட்ட வெரட்டறாப்பலயே சத்தம் போட்டுட்டு இருந்திருப்பனாட்ட இருக்குது. ஒரு பொண்ணு வந்து நின்னு என்னையே பாத்துச்சு. மூஞ்சி வேறங்க, அங்க எல்லாத்துக்கும் வேற மூஞ்சிதானுங்களே. ஒண்ணும் பேசுல. அது மாட்டுல இருந்து கழண்ட லாடத்த எங்கையில வெச்சுட்டு நின்னுச்சு. வெச்ச கைதானுங்க, எனக்குத் தெரியாதுங்களா?"

"நீங்க ஏதாச்சும் பேசுனீங்களா?"

"என்னத்தப் பேசறதுங்க. வெயிலா இருந்துச்சு. எங்கிட்ட இருந்த சுரைக்குடுக்கைய எடுத்துக் குடுத்தேன். அதுக்குப் பொறகு தெனமும் அந்தச் சுனைக்கு வருமுங்க. முதுகு சுடும், கை சுடும். சேந்து கொஞ்ச தூரம் நடப்போம். பேச்சு இல்லீங்க. அப்படியே போயிட்டிருந்துச்சு. அந்நேரம் பாத்துத் தோள்வலின்னு நான் உங்க மாட்டப் போட்டேன்."

ஜான்சி கணினியில் அந்த ஒற்றை வரியைத் திறந்தாள்.

"அடுத்த நாள் எதுக்க வந்துச்சுங்க. முதுகு சுடுல. அதுக்குக் கை சுட்டிருக்காதுங்களே! நின்னு பாத்துச்சு. நானும் நின்னேன். திரும்பி வேற வழில போயிருச்சு. அப்பன் மறுபடியும் தூக்கிப் போட்டுட்டான்னுதானே நெனைக்கும்? என் கையும் சுடுல. கோவத்துல நாங்குடுத்த குடுக்கையக் கெடாசியிருக்கும். கெடாசட்டுமுங்க, நாயந்தானே. அதுக்கு மேல அந்தப் பக்கம் வரவே இல்லீங்க. நாந்தான் தெனமும் போயி நின்னுட்டு வர்றேன்."

போனது போனதுதான், திரும்ப வராது, தப்பு தன்னுடையது என்று ஜான்சி சொன்னாள். அவர் அதற்கும், "பரவால்லீங்க, வேணும்னா பண்ணுனீங்க?" என்றார். அந்த 'பரவால்லீங்க'வுக்குப் பதில் அவர் நாலு கெட்ட வார்த்தை பேசியிருக்கலாம்.

"ஒண்ணு பண்ணலாம். அதே மாதிரி ஒடஞ்ச லாடம் ஒண்ணு நான் செஞ்சு உங்க மூட்டைல வச்சிர்றேன். அவுங்க பக்கத்துல வரும்போது உங்க முதுகு சுடுற மாதிரியும் பண்ணிரலாம்."

"அதுக்குக் கை சுடுங்களா?"

"அது முடியாது. அது கம்பெனிக்காரன் கையில இருக்கு."

"அப்ப வேண்டாமுங்க. எம்முதுகச் சுட்டு நான் என்ன பண்றது? அது குடுக்காதத அது குடுத்ததுன்னு வெச்சுக்கறது நல்லா இருக்காதுங்க."

"சரி, அவுங்க நம்பர் இருக்கா?"

"மனப்பாடமுங்க."

"அப்ப நீங்களே போனப் போட்டுச் சொல்ல வேண்டியதுதான? மாட்டுனாலதான் போச்சு, நான் தூக்கிப் போடலன்னு!"

"அதுக்குத்தானுங்க உங்களக் கேக்கறேன். நாஞ்சொன்னா அது நம்போணுமில்லீங்க. எம்பேச்சுக்கு அங்க மரியாதி இல்லீங்க அம்மிணி. நானே கெடுத்துக்கிட்டது. நீங்க மாட் எழுதுனவங்க, நீங்க ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க."

மேடம் அம்மிணி ஆகிவிட்டதை அவள் கவனித்தாள். இரண்டு வருஷம் மகளோடு பேசாமல் இருக்கத் தெரிகிறது, ஒரு போன் போட ஆள் வேண்டியிருக்கிறது. உப்பு விற்கவென்று உண்டாக்கிய ஒரு விளையாட்டில், பேசாமல் பக்கத்தில் நடப்பதுதான் இந்த ஜனங்களுக்குச் சமாதானம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்தும் கொண்டாள்.

முதலில் அந்த ஒரு வரியை மாற்றினாள். பிறகு எல்லோரும் பார்க்கும்படி அறிவிப்புப் போட்டாள். 'உங்களுக்கு வந்த அன்பளிப்புகளைக் கழித்தது என் மாட். உங்கள் கை சுடவில்லை என்றால், எதிரே வந்தவர் வேண்டுமென்று வீசினார் என்று நினைக்காதீர்கள். தப்பு என்னுடையது. ஜான்சி.' உலகமே வந்து சட்டையைப் பிடிக்கும் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வந்த பதில்களைப் படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. 'புது வெர்ஷன் கொஞ்சம் ஸ்லோவா இருக்கே?' என்றது ஒன்று. 'அன்பளிப்பையும் சேத்துத் தூக்குன பழைய வெர்ஷன்தான் நல்லா இருந்துச்சு, அதையே குடுங்க' என்றது இன்னொன்று. அதற்கு நாலாயிரம் பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். 'அன்பளிப்பா? அப்படி ஒண்ணு இருக்கா?' என்று ஒரு மகானுபாவன். பாரம் குறைந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எது குறைந்தது என்று மூட்டையை அவிழ்த்துப் பார்த்தவர் யாருமில்லை. நடுவில் ஒரே ஒரு பதில் வேறு மாதிரி இருந்தது. 'என் சிநேகிதன் நான் குடுத்ததை எறிஞ்சுட்டான்னு ஆறு மாசமா அவன்கூடப் பேசலக்கா. அவன் கல்யாணத்துக்கும் போகல. இப்ப நான் என்ன பண்ணட்டும்?' ஜான்சி அதற்கு என்னென்னவோ எழுதி எழுதி அழித்தாள். கடைசிவரை பதில் போடவில்லை.

"என்னடி, முகம் இப்படி இருக்கு?" என்றான் சோலைமலை.

"ஒண்ணும் பேசாதீங்க. ஒன்றிப் போறது, வெங்காயம்னு ஆரம்பிச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

அவன் தைலத்தை மட்டும் ஒழுங்காக மூடி வைத்தான்.

கோகிலவாணி கோயம்புத்தூரில் இருந்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். ஜான்சி தன் பெயரைச் சொல்லி, ஒப்பிக்கிற மாதிரி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். உங்கள் அப்பா லாடத்தை எறியவில்லை, என் மாட்தான் எறிந்தது, தப்பு முழுக்க என்னுடையது, அவர் மூன்று வாரமாக அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டு, வசவுக்குத் தயாரானாள்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"எந்த மாட்டுங்க்கா? இறக்கிவைங்களா?"

"ஆமா."

"அது எங்கிட்டயும் இருக்குதுங்க்கா."

ஜான்சிக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், "அப்ப அந்தக் குடுக்கையும்..." என்று ஆரம்பித்தாள்.

"நான் இறக்கிவை போட்ட மறுநாள் அப்பா எதுக்க வந்தப்ப எம்முதுகு சுடவே இல்ல" என்றாள் கோகிலவாணி. குரல் உடைந்துகொண்டே வந்தது. "மூட்டையத் தொறந்து பாத்தா குடுக்கையக் காணோம். எங்கப்பா எங்கண்ணாலத்துக்குக்கூட ஒண்ணும் குடுக்கலைங்க்கா. அவரு கையால குடுத்தது அது ஒண்ணுதான். அதப் போயி தொலச்சுட்டமேன்னு... அப்பாவுக்குக் கை சுட்டிருக்காது, கண்டுபுடிச்சிருப்பாரு. அந்தக் கோவத்துலதான் நாங்குடுத்த லாடத்தக் கெடாசிட்டாருன்னு நெனச்சேன். கெடாசுனாலும் நாயந்தானேன்னு இருந்துச்சு. எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போயி நிக்கறது? அதான் திரும்பி வந்துட்டேன்."

"அவரும் இதையேதாம்மா சொன்னாரு. 'நாயந்தானே'ங்கிற வார்த்தை வரைக்கும்."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. ஜான்சிக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. எரிச்சல்தான் முந்திக்கொண்டது.

"ஏம்மா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. போன் இருக்கு. உங்கப்பாவுக்கு உன் நம்பர் மனப்பாடமா இருக்கு. காங்கேயம் பஸ் ஓடுது. அப்பாவும் மகளும் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசுனா உங்க ஊர்ல அபராதமா போடுறாங்க? நடுவுல எந்தலைய ஏன் உருட்டுறீங்க?"

"அப்பா பேசமாட்டாருங்க்கா. அவருக்கு வராது. எனக்கும் வராது."

"பெறகு எதுதான் வரும்?"

கோகிலவாணி மூக்கை உறிஞ்சினாள். "அப்பா நாளைக்கும் சுனைக்கு வருவாருங்களா?"

"தெனமும் வந்து நிக்கிறாராம்."

"இப்பப் புது மாட் போட்டா, நான் குடுக்கறத அது தூக்கிப் போடாதுங்களே?"

"போடாது. நான் எழுதியிருக்கேன்ல!"

"உங்கள நம்பி எப்படிங்க்கா இருக்கறது" என்றாள் அந்தப் பெண், வெகு மரியாதையாக.

இரண்டு நாள் கழித்துச் சென்னியப்பனே கூப்பிட்டார். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, அதைப் பெருந்தன்மையாக வாங்கிக்கொள்ள வேண்டிய பதிலையும் யோசித்துக்கொண்டு எடுத்தாள்.

"அம்மிணி, மூட்டைல ஒரு கோளாறுங்க."

"இன்னும் என்ன?"

"நேத்து புள்ள வந்துச்சுங்க. ஒரு அம்மிக்கல்லக் கொண்டாந்து குடுத்துச்சு. கொழவியோட. ஒண்ணும் சொல்லுல. இத எந்த மாட்டு தூக்கிப் போடுதுன்னு பாக்கறேன்னு மட்டும் சொல்லுச்சு."

"பேசுச்சா!"

"பேசுச்சுங்க. அதானுங்க, அந்தக் கல்லு மூட்டைல முக்காவாசி எடத்த எடுத்துக்கிச்சு. உப்பு வெக்க எடமில்ல. யாவாரம் படுத்துருச்சு."

ஜான்சி பெருமூச்சு விட்டாள். சரக்கு என்று வந்துவிட்டால் அவளுக்கு உடனே வழி தெரியும். "சரி விடுங்க. அந்தக் கல்லு ஒண்ணுக்கு மட்டும் கனமே இல்லாமப் பண்ணிர்றேன். எடமும் அடைக்காது. சாயங்காலத்துக்குள்ள அனுப்பிச்சிர்றேன்."

"அய்யோ, அது இல்லீங்க அம்மிணி. உங்க மாட்டு எல்லாக் கனத்தையும் பாதியாக் கொறைக்குதில்லீங்க? இது ஒண்ண மட்டும் கொறைக்காம உட முடியுங்களா? முழுக் கனமும் எனக்குத் தெரியோணும்."

"ஏங்க, உங்க தோளுக்காகத்தான் மாட்டே போட்டீங்க! முதுகு போயிரும்ங்க!"

"போவட்டுமுங்க. சுனை வரைக்கும் மலையேறி, உங்க மாட்டு இல்லாம எம்புள்ள தூக்கிட்டு வந்திருக்குதுங்களே."